கயல்விழியை எப்படி எழுதுவது? செயற்கைமொழிகளில் பெயர் எழுதும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகள், கோடை விடுமுறைக்கு மதுரையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, தனியொருவரோ ஒரு குழுவோ திட்டமிட்டு உருவாக்கும் செயற்கைமொழிகளுள் ஒன்றான டோக்கி போனாவைத் தானாகவே கற்கத் தொடங்கினாள். எந்த மொழியைக் கற்றாலும் ‘என் பெயர் இன்னது’ என்னும் வாக்கியம் முதல் பாடத்திலேயே வந்துவிடும். அதில் பெயருக்கு உரிய இடம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, என் பேரு இதுல உக்கார மாட்டேங்குது” என்றாள். அதன் பிறகு பத்து நாள், வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் அமர்ந்து, எஸ்பெராண்டோ, லோஜ்பான், டோக்கி போனா ஆகிய மூன்று செயற்கைமொழிகளிலும் அந்தப் பெயரை எழுதிப் பார்த்தோம். தன் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், இங்கே அவளைக் கயல்விழி என்று அழைக்கிறேன். அவளுடைய உண்மைப் பெயரும் மீனையும் கண்ணையும் கொண்டதே, அதில் எழும் எழுத்துச் சிக்கல்களும் இவையே.

ஒரு பெயரை வேற்றுமொழிக்குள் கொண்டுபோகும் வழிகள் நான்கு. உள்ளபடியே எழுதலாம், ஏற்கும் மொழியின் ஒலிக்கு ஏற்பத் திரிக்கலாம், பொருளை மொழிபெயர்க்கலாம், எல்லாவற்றையும் விட்டுப் புதிதாக ஒரு பெயர் சூடலாம். இவை நமக்குப் புதியவை அல்ல. வடசொல்லை ஏற்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் விதித்தார். அவ்வழியில்தான் லட்சுமணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான். பொருளைப் பெயர்ப்பதற்கு மதுரையின் வாசலிலேயே சான்று உண்டு: 1870-ஆம் ஆண்டு திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார், சூரியனைப் பரிதி என்றும் நாராயணனை மால் என்றும் சாஸ்திரியைக் கலைஞர் என்றும் மாற்றிப் பரிதிமாற்கலைஞர் ஆனார். ‘மால்’ என்பதன் லகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரிந்ததையும் கவனிக்க வேண்டும். அவர் பொருளை மட்டும் மாற்றவில்லை, புதிய பெயரைத் தமிழ்ப் புணர்ச்சிக்கும் உட்படுத்தினார். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தத்துவ போதகர் என்று புதுப்பெயர் கொண்டார். மதுரை மிஷனைச் சேர்ந்த பெஸ்கி, உறுதி என்னும் பொருள் பொதிந்த கான்ஸ்டன்டைன் என்னும் தம் பெயரைத் தைரியநாதர் என்று பெயர்த்துக்கொண்டு, பின்னர் வீரமாமுனிவர் ஆனார். ஆகவே செயற்கைமொழி கற்கும் ஒரு பெண் இன்று கேட்கும் கேள்வி, இந்த ஊர் நானூறு ஆண்டுகளாகப் பலமுறை விடை சொன்ன கேள்விதான்.

எந்த வழியைத் தேர்வதானாலும் அதற்கு முன் தீர்க்க வேண்டியது, எதிலிருந்து தொடங்குவது என்பது. பெரும்பாலோர் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கோவையிலிருந்து தொடங்குகிறார்கள். இதுதான் பெரும்பிழை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ‘இசட்’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது நமக்குள் நாம் செய்துகொண்ட ஏற்பாடு. அது அந்த எழுத்துகளின் ஒலி அன்று. அந்தக் கோவையைப் பார்த்து எஸ்பெராண்டோக்காரர் ஒருவர் பெயரை மாற்றினால், கூரை போன்ற குறியிட்ட ‘ஜே’ எழுத்தை இடுவார். அதன் ஒலி, சகரமும் ஜகரமும் கலந்து உரசும் ஒலி. விழி அங்கே ‘விஷி’ போல ஒலிக்கும். கயலில் உள்ள யகரத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஒய்’ எழுதுகிறோம். லோஜ்பானில் அந்த எழுத்து ஓர் உயிர், அதுவும் வாயைச் சற்றே திறந்து சொல்லும் மங்கலான உயிர். எஸ்பெராண்டோவில் ‘ஒய்’ என்னும் எழுத்தே இல்லை. யகரத்துக்கு அங்கே ‘ஜே’.

என் பெயரிலும் ஒரு ழகரம் உண்டு. பள்ளிச் சான்றிதழில் அது ‘எல்’ ஆகவும் வேறோர் அட்டையில் ‘இசட் எச்’ ஆகவும் இருந்ததால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க ஓர் அலுவலகத்தின் படியை மூன்று முறை ஏறி இறங்கினேன். அந்தச் சங்கடத்தை, யாரும் சான்றிதழ் கேட்காத ஒரு மொழிக்குள்ளும் நாமே சுமந்து செல்லத் தேவையில்லை. வாயில் வரும் ஒலியிலிருந்தே தொடங்க வேண்டும்.

வாயில் வருவது எது என்பதும் கேட்கத்தக்கதே. அவளைப் பெயரைச் சொல்லச் சொன்னேன். முதல் முறை, ஆசிரியர் முன் நிற்பவள் போல நாக்கை நன்றாக மடித்து ‘விழி’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சுவாக்கில் கேட்டபோது ‘விளி’ என்றுதான் வந்தது. மதுரைப் பக்கம் பழத்தைப் ‘பளம்’ என்றும் அழகர்கோவிலை ‘அளகர்கோயில்’ என்றும் சொல்வது வழக்கம். ஆகவே ழகரம் இல்லாத மொழியில் அதற்கு ‘எல்’ இடுவதா ‘ஆர்’ இடுவதா என்னும் கேள்விக்கு, எங்கள் பேச்சே விடை தந்துவிட்டது: ‘எல்’. ழகரத்தை ரகரத்தின் சாயலோடு கேட்பவர்கள் ‘ஆர்’ எழுதுவதிலும் தவறில்லை. ஒன்றைத் தேர்ந்தபின் எல்லா இடத்திலும் அதையே எழுத வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

இனிப் பொருள்பெயர்ப்பு. முதலில் இதைத்தான் அவள் விரும்பினாள். நானும் பரிதிமாற்கலைஞரை எண்ணி அதற்கு உடன்பட்டேன். எஸ்பெராண்டோவில் மீன் ‘ஃபிஷோ’, கண் ‘ஒகுலோ’. லோஜ்பானில் மீன் ‘ஃபின்பே’, கண் ‘கன்லா’. டோக்கி போனாவில் மீன் ‘கலா’, கண் ‘ஓகோ’ அல்லது ‘லுகின்’. சேர்ப்பது எளிது. சேர்த்தபின் கிடைப்பதுதான் கயல்விழி அன்று. தமிழில் இச்சொல் உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை: கயல் போன்ற விழி என்பது உவமை, அத்தகைய விழியை உடையவள் என்பது சொல்லுக்கு வெளியே நிற்கும் பெண். லோஜ்பானில் ‘ஃபின்பே கன்லா’ என்றால், தமிழைப் போலவே அடைமொழி முன்னும் சொல் பின்னுமாக அமைகிறது. ஆயினும் அங்கே கிடைப்பது ஒரு கண், பெண் அன்று. எஸ்பெராண்டோவில் ‘உடையவள்’ என்பதற்கு விகுதி இருப்பதால் ‘ஃபிஷோகுலுலீனோ’ என்று இலக்கணப் பிழை இல்லாமல் ஆக்கிவிடலாம். கேட்பவர் மனத்தில் மீன்கடைப் பலகையில் கிடக்கும் கண்தான் தோன்றும். மீன் இமைப்பதில்லை, பார்வையாலேயே முட்டையைக் காத்துப் பொரிக்கும் என்னும் நம்பிக்கையும், அதை ஒட்டி ஊரையே இமையாமல் காக்கும் அங்கயற்கண்ணியின் நினைவும், பாண்டியரின் கயற்கொடியும் சேர்ந்துதான் இப்பெயருக்கு அழகு. அவை அகராதிச் சொல்லோடு கூட வருவதில்லை.

எல்லாப் பெயருக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மலர் என்பவர் எஸ்பெராண்டோவில் ‘ஃப்ளோரோ’ என்று பெயர் கொண்டால் எதுவும் குறைவதில்லை. பூ எங்கும் பூதான். அம்மொழியின் பெயரே இப்படிப் பிறந்தது. 1887-இல் வார்சாவில் முதல் நூலை வெளியிட்ட சாமன்ஹாஃப், ‘நம்பிக்கை கொண்டவர்’ என்னும் பொருளில் ‘டாக்டர் எஸ்பெராண்டோ’ என்று புனைபெயர் இட்டார். அந்தப் பெயரே பின்னர் மொழிக்கு நின்றுவிட்டது. பொருள் ஒற்றையாகவும் உவமை இல்லாமலும் இருந்தால் மொழிபெயர்க்கலாம், உவமை இருந்தால் ஒலியைக் காப்பதே மேல் என்பது என் துணிபு.

ஒலியைக் காப்பதில் மூன்று மொழிகளும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. எஸ்பெராண்டோவில் 28 எழுத்துகள். எழுத்துக்கு ஓர் ஒலி. சொல்லின் இறுதி எழுத்தே அதன் இலக்கண வகையைச் சொல்லிவிடும்: ஓகாரம் பெயர்ச்சொல், ஆகாரம் பெயரடை, இகரம் வினையின் மூலவடிவம், உகரம் ஏவல், னகர மெய் இரண்டாம் வேற்றுமை. நம் பெயர்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. ‘வேலு’ என்று எழுதினால், பாய்மரப் பாயைக் குறிக்கும் ‘வேலோ’விலிருந்து பிறந்த ஏவல் போல நிற்கும். ‘மாறன்’ என்பது, கடலைக் குறிக்கும் ‘மாரோ’வின் பெயரடை இரண்டாம் வேற்றுமை ஏற்றது போல, ‘கடல்சார்ந்ததை’ என்று படும். நமக்கு எழுவாயாக நிமிர்ந்து நிற்கும் ‘-அன்’ அங்கே செயப்படுபொருளாகக் குனிந்துவிடுகிறது. ஆண்பெயர்களுக்கு இறுதியில் ஓகாரம் சேர்ப்பதே இதற்கு வழி. சேர்த்தால் ‘-ஆனோ’ என்று முடியும். அது அம்மொழியில் ஓர் ஊரை அல்லது குழுவைச் சேர்ந்தவர் என்னும் விகுதி. மதுரையானை ‘மதுரயானோ’ என்றால் இரு மொழிக்காரரும் ஒரே பொருளைக் கொள்வார்கள். இத்தகைய தற்செயல் ஒற்றுமைகளைக் காணும்போது எனக்கு உண்மையாகவே மனம் நிறைகிறது.

மீனாட்சி என்னும் பெயரில் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘ட்சி’ என்பதைச் சகரத்துக்கு உரிய ஒற்றை எழுத்தால் எழுதினால், அதற்கு முந்திய ஆகாரத்தோடு சேர்ந்து ‘-ஆச்-’ என்னும் விகுதி உருவாகிவிடும். எஸ்பெராண்டோவில் அது இழிவைக் குறிப்பது. வீடு ‘டோமோ’ என்றால் இடிந்து பாழான குடிசை ‘டோமாச்சோ’. மதுரையின் பெயரிலேயே வந்து இந்த விகுதி ஒட்டிக்கொள்ள விடலாகாது. டகர மெய்யை விடாமல் எழுதினால் இடர் நீங்கும். வடமொழி ஒலிப்படி ‘க்ஷி’ என்று எழுதினாலும் நீங்கும்.

கயல்விழிக்கு வருவோம். ஓகாரம் சேர்க்காமல் ‘கயல்விலி’ என்று நிறுத்துவதா, சேர்த்துக் ‘கயல்விலியோ’ என்பதா? சேர்த்தால் பெயர்ச்சொல் என்பது ஐயமறத் தெரியும், பன்மையும் வேற்றுமையும் எளிதில் ஒட்டும். ஆனால் தமிழ்க் காதுக்கு இறுதி ஓகாரமே ஐயப்பொருள் தருவது: ‘வந்தவள் கயல்விழியோ?’ தன் பெயரைத் தானே ஐயத்தோடு சொல்வது போல் இருக்கிறது என்றாள் அவள். எனக்கும் அப்படியே பட்டது. அதோடு, எஸ்பெராண்டோவில் அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில் விழும் என்பதால், ‘விலி’யில் ‘வி’க்கு இருந்த அழுத்தம் ‘விலியோ’வில் ‘லி’க்குப் போய்விடும். உயிரில் முடியும் பெயரோடு னகர மெய்யை நேரே சேர்க்க இடம் உண்டு. ‘கயல்விழியைக் கண்டேன்’ என்பதற்குக் ‘கயல்விலின்’ போதும். ஆகவே பெண்பெயர்களை உயிரீற்றோடு விடுவதும், னகர ஈற்று ஆண்பெயர்களுக்கு ஓகாரம் சேர்ப்பதும் எஸ்பெராண்டோவில் தமிழருக்கு ஏற்ற முறை என்பேன்.

லோஜ்பான் இதற்கு நேர்மாறு. 1987-இல் வேலை தொடங்கப்பட்ட இந்த மொழி தருக்க ஒழுங்கை முதன்மையாகக் கொண்டது. ஒலிபெயர்த்த பெயர் மெய்யெழுத்தில்தான் முடிய வேண்டும், முடிந்ததும் ஒரு நிறுத்தம் வேண்டும் என்பது விதி. எழுத்தில் அந்த நிறுத்தம் ஒரு புள்ளி. பாண்டியன், வேலன், சொக்கன் எல்லோரும் சிரமமில்லாமல் உள்ளே போய்விடுகிறார்கள். பெண்பெயர்களுக்குத்தான் வாசலில் தடை. மேரியை ‘மெரிஸ்’ ஆக்குவது போல் இறுதியில் ஸகரம் சேர்ப்பது அங்கே வழக்கம், அப்படியானால் ‘கயல்விலிஸ்’. னகரம் சேர்த்தால் ‘கயல்விலின்’. அது நமக்கு ‘கயல்விழியின்’ என்பதன் சிதைவு போல ஒலிக்கும். இறுதி உயிரையே நீக்கினால் ‘கயல்வில்’ கிடைக்கும். பாண்டியர் கயலும் சேரர் வில்லும் ஒரே பெயருக்குள் வந்து நிற்கின்றன, அழகாக இருந்தாலும் அது அவள் பெயர் அன்று. ஸகரமே போதும். ‘அழகர்’ என்பவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெயருக்கு முன் ‘லா’ என்னும் சொல்லை இடுவது லோஜ்பான் முறை. அந்த ‘ல’ ஒலி பெயரின் நடுவே உயிருக்குப் பின் வந்தால், பெயர் அங்கே இரண்டாக உடைந்து ‘கர்’ மட்டும் தனிப்பெயராகிவிடும் என்பதால் பழைய விதி அதைத் தடுத்தது. பெயருக்கு முன்னும் ஒரு நிறுத்தம் இட்டால் இந்தத் தடை தேவைப்படாது என்னும் வழக்கம் பின்னர் வந்தது. அழகர் இரு பக்கமும் புள்ளி இட்டுக்கொள்வதே நல்லது.

டோக்கி போனாவை 2001-இல் சோன்யா லாங் வெளியிட்டார். எழுத்துகள் 14 மட்டுமே: உயிர் ஐந்து, மெய் ஒன்பது. ககரத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும், பகரத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்து இல்லை. க, ச, த, ப என்று ஒற்றை வரிசையில் எழுதிப் பழகிய நமக்கு இது சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும். ஓர் அசை மெய்யில் முடிந்தால், அந்த மெய் னகரமாக மட்டுமே இருக்கலாம். யி, வு, வோ, டி என்னும் நான்கு சேர்க்கைகள் கூடாது. வகரத்தோடு உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிரும் மொழிமுதலில் வாரா என்று தொல்காப்பியர் சொன்னதை எடுத்துக் காட்டியபோது, அவள் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்ததற்கு முதல் முறையாக ஒரு பயன் கண்டவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகரமும் உகரமும் இதழ் குவிந்து பிறப்பவை. ஒன்றையொன்று ஒட்டி நின்றால் காதில் பிரிவதில்லை. தமிழும் டோக்கி போனாவும் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் அது.

இந்த மொழியில் பெயர் தனித்து நில்லாது, அடைமொழியாகவே நிற்கும். ஆள் என்னும் பொருளுடைய ‘யன்’ முன்னே வர, பெயர் பின்னே வரும். எழுத்தில் பெயரின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. பேச்சில் அந்த வேறுபாடு கேட்காது என்பதால், பெயர் ஏற்கெனவே உள்ள சொல்லோடு மோதுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மணி என்பவர் அங்கே ‘யன் மனி’. ‘மனி’ என்றால் பணம். கலா என்பவர் மீன் ஆவார். மதுரையில் அதை யாரும் குறையாகக் கொள்ள மாட்டார்கள். மௌலி என்பதை ‘மோலி’ என்று சுருக்கினால் அது சாவு. கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

தலைப்பெழுத்தைப் பற்றி ஒரு சொல். எஸ்பெராண்டோக்காரர்கள் குடும்பப் பெயரை முழுதும் பெரிய எழுத்தில் எழுதும் பழக்கம் உடையவர்கள். நாம் தந்தையின் பெயரை அங்கே இட்டால், மகளை அப்பா பெயரைச் சொல்லித் ‘திருமதி’ என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். தலைப்பெழுத்தை விட்டுவிடுவதே நலம். மற்ற இரு மொழிகளிலும் அது தேவைப்படுவதே இல்லை.

கயல்விழியின் லகர மெய் அசையின் இறுதியில் நிற்பதால் டோக்கி போனாவில் அது செல்லாது. அதை விட்டுவிட்டால் ‘கயவிலி’. முதல் இரண்டு எழுத்தில் ‘கயவன்’ எட்டிப் பார்ப்பதால் அவள் அதைக் கேட்கவே மறுத்தாள். உகரம் சேர்த்தால் ‘கயலுவிலி’. ஐந்து அசை, நீளம் சற்று அதிகம், ஆனால் எதுவும் இழப்பாகவில்லை. மெய்யீற்றுக்கு ஓர் உகரம் கொடுத்து உச்சரிப்பது நம் நாக்கின் இயல்பு. பஸ் ‘பஸ்ஸு’ ஆவதும், கயல் ‘கயலு’ ஆவதும் அப்படித்தான். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கீழே சமையலறையிலிருந்து என் அக்காளின் குரல் கேட்டது: “கயலு, மாமாவயும் கூட்டிட்டு சாப்பிட வா!” இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ‘யன் கயலு.’ மூன்று அசை, விதிமீறல் ஒன்றும் இல்லை, ழகரச் சிக்கலே இல்லை. ஏட்டில் உள்ள பெயர் அன்று, வீட்டில் உள்ள பெயர். வேற்றுமொழிக்காரர் ஒருவர் அவளை அழைப்பதற்கு இதைவிட நெருக்கமான வடிவம் கிடைக்காது. மற்ற இரு மொழிகளில் முழுப்பெயரும் டோக்கி போனாவில் அழைக்கும் பெயரும் என்று அன்றிரவே முடிவானது.

விழி போய்விட்டதே என்ற குறை மட்டும் அவளுக்கு இருந்தது. அதற்கும் அந்த மொழியிலேயே வழி இருந்தது. டோக்கி போனாவுக்கு எனச் சித்திர எழுத்து முறை ஒன்று உண்டு. அதில் பெயரை ஒரு நீள்வட்டக் கூட்டுக்குள் எழுதுவார்கள். பெயரின் ஒவ்வோர் ஒலிக்கும், அந்த ஒலியில் தொடங்கும் ஏதேனும் ஒரு சொல்லின் சித்திரத்தை நாமே தேர்ந்து இடலாம். ஒலி கட்டாயம், பொருள் நம் விருப்பம். ககரத்துக்கு அவள் சிறிதும் யோசிக்காமல் ‘கலா’ என்னும் மீனை வரைந்தாள். அடுத்த அகரத்துக்கு ‘எல்லாம்’, யகரத்துக்கு ‘மஞ்சள்’, அதன்பின் வரும் அகரத்துக்கு ‘காத்திருத்தல்’. லகரத்துக்கு ‘லுகின்’: ஒரு கண், நடுவே கருமணி. பறிபோன விழி கூட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. கடைசி உகரத்துக்குத்தான் நேரம் பிடித்தது. ‘உட்டலா’ என்றால் போர், ‘உட்டா’ என்றால் வாய். போருக்கு உரிய சித்திரம் பார்க்க மிடுக்காக இருந்ததால் முதலில் அதைத்தான் போட்டாள். சற்று நேரம் பார்த்துவிட்டு அழித்தாள். “அம்மா கூப்புடும்போது மட்டுந்தானே மாமா இந்த ‘உ’ வருது” என்று சொல்லிக்கொண்டே, அங்கே வாயை வரைந்தாள்.